கப்பலில் யார் பக்கத்தில்?

"கப்பல்ல நான் மூக்காயி அக்கா பக்கத்துலதான் ஒக்காருவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்!" என்றாள் சீதாதேவி.

பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த மருதாயிக்குச் சுருக்கென்றது.

இருபது வருஷமாக இந்த ரப்பர் தோட்டத்தில் மூக்காயிக்கு அடுத்த வரிசையில் பால் வெட்டுபவள் மருதாயி. புருஷன் செத்த பிறகு அவளுக்குச் சொந்தம் என்று இருந்ததே லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு மூக்காயிதான். இந்தச் சீதாதேவியோ போன வருஷம் கல்யாணம் கட்டி வந்தவள்.

"சண்ட வேணாம். நடுவுல நான், ஆளுக்கொரு பக்கம் நீங்க" என்று மூக்காயி சிரித்தாள்.

"ரம்புக்கனையில ரயிலு, தலைமன்னாருல கப்பலு, இராமேஸ்வரம், மதுரை, பழனி... பத்து நாள்ல முடிச்சிரலாமாக்கா?"

"முடிச்சிரலாம்டி."

"கப்பல்ல வாந்தி வருமாமே?"

"தேசிக்காய மோந்துக்கிட்டே போவோம்."

மருதாயி மெல்ல வாயைத் திறந்தாள். "வழிக்குப் புளிச்சோறு நான் கட்டுறேன்."

"ஒனக்கு ஏகப்பட்ட வேல கெடக்கு மருதாயி. சோத்த சீதா பாத்துக்குவா."

அதுவும் சீதாவுக்கா! மருதாயி வாளியை மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"அக்கா, மதுரையில நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி சுங்குடிச் சேல எடுப்போம். தைப்பொங்கலுக்குக் கட்டிக்கிட்டு நம்ம மாரியம்மன் கோயிலுக்குப் போனா, தோட்டமே பாக்கும்!"

"எடுப்போம்டி" என்றாள் மூக்காயி. மருதாயியின் பக்கம் அவள் பார்வை திரும்பவில்லை.

"கறவ மாட்ட யாருகிட்ட விடுறீங்க?"

"பக்கத்துக் கிராமத்துச் சீலவதிகிட்ட. பத்து நாளுதானே, பாத்துக்கிறேன்னு சொல்லிருச்சு."

"எனக்கு ஒண்ணுதான் கவல. வந்து எறங்குன மறுநாளே விடியக்காத்தால வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். நெனைச்சாலே ஒடம்பு வலிக்குது!"

மருதாயி வாளியை நங்கென்று கல்லில் வைத்தாள்.

"போதும்டி! வாய மூடு."

சீதாதேவி திகைத்துப் போனாள். "நான் என்னாக்கா சொல்லிட்டேன்? எங்க மேல பொறாமையா ஒங்களுக்கு?"

"ஆமா, பொறாமதான். வயிறு பத்திக்கிட்டு எரியுது. போதுமா?"

மூக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது தோட்டத்து ஆபீஸிலிருந்து கிளாக்கர் இராமச்சந்திரன் கையில் ஓர் உறையோடு இறங்கி வந்தார்.

"மூக்காயி, நீ கேட்ட மாதிரியே முடிஞ்சிருச்சு. மூணு பேருக்கும் ஒரே நாள், ஒரே கப்பல்."

உறையிலிருந்து எடுத்த முதல் இரண்டு டிக்கெட்டுகளையும் மூக்காயியிடமும் சீதாதேவியிடமும் கொடுத்தார். "இதுக ரெண்டும் போக வர டிக்கெட்டு. பத்திரமா வச்சுக்கங்க."

பிறகு மூன்றாவதை நீட்டியபோது அவர் குரல் இறங்கியது.

"மருதாயி, இது ஒன்னோடது. ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல இந்தியாவுக்கே அனுப்புறவங்களுக்குப் போற டிக்கெட்டு மட்டுந்தான்; திரும்பி வரக் கெடையாது."