ஆள் குறைந்த கப்பல்

பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சட்டம்பியார் பரமலிங்கம் நாவல் படித்தால் அழுவார். கேட்டால், குசினியில் வெங்காயம் உரிக்கிறார்கள் என்பார். அன்று மத்தியானம் படித்தது ஒல்லாந்தர் காலத்து அடிமைக் கப்பலின் கதை. கப்பலில் பத்தொன்பது அடிமைகள். குடிக்கத் தண்ணீர் இல்லை.

மூக்கைச் சிந்திவிட்டு அதே பக்கத்தைத் திரும்பப் படித்தார். பதினெட்டு என்றிருந்தது.

படலையடியில் ஒரு பெண் கையேந்தி நின்றாள். சேலையில் கடலுப்புப் பூத்திருந்தது.

"ஐயா, தண்ணி."

அப்படி வருபவர்களுக்குச் சிரட்டையில் வார்ப்பதுதான் ஊர் வழக்கம். அவர் வீட்டுச் செம்பையே நீட்டினார்.

"உங்களுக்கென்ன விசரே? உவள் ஆரெண்டு தெரியுமே?" என்று கத்தினாள் மனைவி பூரணம்.

"தெரியும். கதையிலை வாறவள். சோறும் போடும்."

பூரணம் தலையில் அடித்துக்கொண்டே போட்டாள்.

அவள் முற்றத்தில் சாப்பிட, அவர் புத்தகத்தை எடுத்தார். ஓடியவளைத் திருப்பி அனுப்பாவிட்டால், ஒளித்த வீட்டுக்காரனைப் பிடித்துவரும்படி கப்பித்தான் ஆணையிட்டிருந்தான். பரமலிங்கம் எழுந்துபோய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தார்.

அடுத்த பக்கத்தில் மறுபடியும் பத்தொன்பது பேர். புதிதாக வந்த ஆள் தன்னைச் சட்டம்பியார் என்று சொல்ல, மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கும் சோறு போடட்டோ?" என்று குசினியிலிருந்து பூரணம் கேட்டாள். மறுமொழி வராததால் இன்னுமொருக்கால் கேட்டாள்.