நூறு வெள்ளி வித்தியாசம்

கொம்தார் வணிக வளாகத்துக் கணினிக் கடையில் பாக்கியநாதன் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைத் தவமணியின் முன் வைத்தான்.

“இது முந்நூறு வெள்ளி, இது நானூறு. நூறு வெள்ளி கூடப் போட்டா கேம் ரெண்டு மடங்கு வேகமா ஓடும்லா, அக்கா.”

“மலிவானதுல?”

“படம் அடிக்கடி சிக்கி நின்னுடும். உங்க மகன் இங்கேயே வந்து என்னை ஏசுவான்!”

“பரவாயில்ல தம்பி, அதையே குடு.”

“நூறு வெள்ளிக்கா பார்க்குறீங்க? இருபது குறைச்சுக்கிறேன்.”

தவமணி பர்ஸைத் திறந்தாள். மகன் கொடுத்தனுப்பிய நானூறு வெள்ளி அப்படியே இருந்தது.

“காசுக்கு இல்லப்பா. வீட்டுல நாங்க ரெண்டே பேருதான். வேலை விட்டு வந்தா அவன் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்துடுவான். படம் சிக்கி நிக்கும்போதுதான் திரும்பி, ‘அம்மா, சாப்பிட்டியா’ன்னு கேப்பான்.”