சாய்மானம்

"பின்னால இருக்கிறவங்க என்னத்தண்ணே புடிச்சுக்குவாங்க?" என்று கேட்டான் பழனிமுத்து.

"அவ ஒண்டையும் பிடிக்கமாட்டா. சாய்மானத்தை நல்லா உயர்த்திப் போடுங்கோ" என்றான் பைக்கைக் கொண்டுவந்தவன்.

பழனிமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

வந்தவன் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. வெள்ளவத்தையாம். மனைவிக்காகவாம். வெள்ளவத்தையில் இல்லாத கராஜா? அத்தனை செக் பொயின்டையும் தாண்டி எதற்குக் கொட்டாஞ்சேனைக்கு வர வேண்டும்?

மனைவி என்றால் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து புருஷனின் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஊரில் அதுதான் வழக்கம். இவன் கேட்பதோ தோள் உயரத்துக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி, அதற்குப் பின்னால் பூட்டுப் போட்ட பெட்டி. கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாதா அந்த மகாராணி?

பின்னால் இருப்பவனுக்கு இரண்டு கையும் சும்மா இருந்தால் என்ன செய்யலாம் என்று கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடுகிற பைக்கிலிருந்து சுடுகிறவன் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்பதையும் நகரம் பல தடவை பார்த்துவிட்டது.

போன வருஷம் யாருக்கோ ஒரு கேரியர் வெல்டிங் செய்து கொடுத்த பாவத்துக்குப் பழனிமுத்து மூன்று மாதம் உள்ளே இருந்தான். சுளுக்கெடுத்துத்தான் அனுப்பினார்கள். இன்னொரு தடவை போனால் உயிரோடு திரும்ப மாட்டான்.

நட்டு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு எதிரிலிருந்த டெலிபோன் கடைக்குப் போனான். சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினான். நட்டோடு திரும்பி வந்து, வேண்டுமென்றே மெதுவாக முறுக்கினான். காட்டிக்கொடுக்கிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. பயம் அதை அடக்கிவிட்டது.

கடைசி நட்டு ஏறியதும் ஸ்ரீஸ்கந்தராசா விறுவிறுவென்று வெளியே போனான். ஓடிவிட்டான் என்றே பழனிமுத்து நினைத்தான். ஆனால் பத்து நிமிஷத்தில் ஒரு பெண்ணோடு வந்தான். செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் கோயிலில் இருந்து கூட்டி வருகிறானாம். ஒருக்கால் ஏறி உட்கார்ந்து பார்க்கட்டுமாம்.

மெலிந்த பெண். அந்த வெயிலிலும் தோள்களை மூடி ஒரு சால்வை. சிரித்தபடி வாயால் மட்டும் வணக்கம் சொன்னாள். கும்பிட்டால் குறைந்துவிடுவாளோ என்று எரிச்சல் வந்தது. அப்புறம் அந்தச் சால்வைக்குள் என்ன இருக்கும் என்ற நினைப்பு வந்து, அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

பொலிஸ் ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் குதித்தார்கள்.

"அத் உஸ்ஸபங்!"

கையைத் தூக்கு என்பதற்கான சிங்களம் கொழும்பில் எந்தத் தமிழனுக்கும் தெரியும். ஸ்ரீஸ்கந்தராசாவின் கைகள் மேலே போயின. ஸ்பேனரோடு பழனிமுத்துவின் கைகளும் போயின.

அவள் தூக்கவில்லை.

மூன்று துப்பாக்கிகளும் சால்வையின் பக்கம் திரும்பின. மறுபடியும் அதே அதட்டல். அவள் அழுதுகொண்டே தோள்கள் இரண்டையும் உயர்த்தினாள். சால்வை நழுவி விழுந்தது. சட்டைக் கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின.

அட பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எப்படிச் சொல்வான்? வடக்கிலிருந்து காயத்தோடு வந்தவளிடம், கை எந்தச் சண்டையில் போனது என்றுதானே கேட்பார்கள்.

துப்பாக்கி பிடித்தவர்கள் கை மேலே வராததை மட்டுமே பார்த்தார்கள். ஒருவன் விசையில் விரலை வைத்தான்.

பழனிமுத்து கைகளைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் பாய்ந்தான். கையில்லை, மாத்தயா, இந்தப் பிள்ளைக்குக் கையே இல்லை என்று சிங்களத்தில் கத்தினான்.