கல்யாணத் தேதி

"மாப்பிள்ளை வீட்டார் புதன்கிழமை கண்டிப்பா வர்றாங்க, அமுதா. காலையிலேயே முகூர்த்தம். நகையெல்லாம் எடுத்து வச்சிட்டு ரெடியா இரு," என்றாள் சந்திரகலா.

"சரிங்கக்கா. நகை பத்திரமா இருக்கு."

அந்தக் குரலுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல யாரோ மெல்ல இருமினார்கள்.

சந்திரகலா போனை வைத்தாள்.

கல்யாணமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம், அனைத்துலக மனித உரிமைக் கண்காணிப்புக் குழு ஒன்றின் கிளை. அவர்கள் கண்காணிக்கும் நாடோ அவர்களை வாசல் மிதிக்கவிடவில்லை. விசா கேட்டால் பதில் கிடையாது. கேள்வி அனுப்பினால், இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஒரு வரி வரும். அதனால் உள்ளே நடப்பதை வெளியே உட்கார்ந்தே கேட்டுச் சேகரிக்க வேண்டியிருந்தது.

அமுதவள்ளி அந்த நாட்டில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் தாதி. தடுப்பு முகாமிலிருந்து தூக்கிவரப்படும் ஆட்களின் காயங்களை யாருக்கும் தெரியாமல் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் படங்கள்தான் 'நகை'. படங்களோடு அவளையும் எல்லை தாண்டிக் கூட்டிவரப் போகிறவர்கள் 'மாப்பிள்ளை வீட்டார்'. போன டிசம்பர் கடைசியில் முதல் சில படங்கள் கைமாறியபோது, அதை 'நிச்சயதார்த்தம்' என்று பேசி முடித்தார்கள்.

இணையத்தை முடக்கி வைத்திருந்த அந்த ஊரில் சாதாரணத் தொலைபேசிதான் ஒரே வழி. அதையும் ஒட்டுக்கேட்டார்கள். அதற்கென்றே தமிழ் தெரிந்த ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வோர் அழைப்பிலும் கேட்கும் அந்த இருமல் அவனுடையதுதான்.

"உங்க அங்கிளுக்கு இன்னும் சளி கொறையலையா?" என்று கேலி செய்வான் முகுந்தன். சந்திரகலாவின் கணவன். அதே அலுவலகத்தில் பக்கத்து மேசை. கல்யாணச் சாப்பாட்டில் அந்த மனிதருக்கும் ஓர் இலை போட வேண்டும் என்பான்.

இன்று அவன் கேலி செய்யவில்லை. இதே மாதிரி அவர்களோடு பேசிவந்த ஓர் ஆசிரியரைப் போன மாதம் வீட்டிலிருந்து விசாரணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் பண்டமாரானிலிருந்து சந்திரகலாவின் அம்மா கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கோயில்ல கூழ் ஊத்துறாங்க. நீயும் மாப்பிள்ளையும் வந்திருங்க. ஆடி வெள்ளி லா, கலா. அதுகூட ஒனக்கு ஞாபகம் இருக்காதே."

அம்மா அதற்கு மேல் பேசியது எதுவும் சந்திரகலாவின் காதில் விழவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். பொது விடுமுறை, பள்ளி விடுமுறை எல்லாம் அதில் இருந்தன. ஆடி மட்டும் இல்லை.

"முகுந்த், ஆடி பொறந்தாச்சு. நான் ஆடியில கல்யாணத்த வச்சிட்டேன்."

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். அவர்களுடையது பதிவுத் திருமணம். இருவருக்கும் லீவு கிடைத்த நாள்தான் நல்ல நாள் என்று போய்க் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். பிறகு புரிந்தது. அந்தப் பேச்சைக் கேட்கும் எந்தத் தமிழனும் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதானே?

உடனே கூப்பிட்டுத் தேதியை மாற்றலாம் என்றாள் அவள். இப்போதே கூப்பிட்டால் சந்தேகம் இன்னும் கூடும் என்றான் அவன். கூப்பிடாவிட்டால் அமுதாவை இன்றைக்கே தூக்கிவிடுவார்கள் என்றாள் அவள். முகுந்தன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளருகில் உட்கார்ந்து தோளைத் தொட்டான். கீழே கடையில் அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தது. இருவரும் சாப்பிட இறங்கவில்லை.

மேசைமேல் போன் அடித்தது. அந்த நாட்டு எண். ஆனால் அமுதவள்ளியின் எண் இல்லை.

"கல்யாண வீடுங்களா?" என்றது ஓர் ஆண்குரல்.

"யாரு பேசறது?"

பதிலுக்கு முன்னால் இருமல் வந்தது. அவள் நன்றாக அறிந்த இருமல்.

"ஆடியில யாரும்மா கல்யாணம் வைப்பாங்க?"

சந்திரகலா முகுந்தனின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நாங்க... எங்க வீட்ல ஆடியெல்லாம் பாக்கறதில்லைங்க."

"பாக்கணும். திங்கக்கிழமையிலேர்ந்து என் எடத்துல வேற ஆளு. அவருக்கும் நல்லாத் தமிழ் தெரியும். மாப்பிள்ளை வீட்டை ஞாயித்துக்கிழமையே வரச் சொல்லிடுங்க. பொண்ணுக்கும் இன்னைக்கே போன் போட்டுச் சொல்லுங்க. இன்னைக்குக் கேக்கறது நான்தான்."

மறுமுனையில் அந்த மனிதர் இன்னொரு முறை இருமிவிட்டுச் சொன்னார்:

"மார்கழியில நிச்சயதார்த்தம் வச்சீங்களே, எனக்கு அன்னைக்கே தெரியும்மா. மேல கேட்டப்ப, அசல் கல்யாண வீடுதான், பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் கொஞ்சம் நகைப் பைத்தியம்னு சொல்லி வச்சிருக்கேன்."