த-வுக்கு அடுத்த எழுத்து

டொடங்.

லேப்டாப் மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டது. திரையில் அதே பாழாய்ப்போன வரி: ‘ஸ்விட்ச் இணைக்கப்படவில்லை.’

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பக்கவாதம் அவள் கணவருக்கு விட்டுவைத்தது வலது பாதத்தை மட்டும். அதன் கீழே வட்டமாக ஒரு ஸ்விட்ச். திரையில் எழுத்துகள் வரிசையாக மின்னும். வேண்டியது வரும்போது அவர் அழுத்துவார். சொல் முடிந்ததும் லேப்டாப் உரக்கப் படிக்கும்.

அவருடைய வாய் இனி அதுதான்.

வயரை மாற்றிப் பார்த்தாயிற்று. வேறு யூஎஸ்பி ஓட்டையில் சொருகிப் பார்த்தாயிற்று. போர்வைக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் அழுத்திவிட்டால் சரியாகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி டொடங். பிசியோதெரபிக்கு வரும் ஜெசிந்தா பக்கத்தில் இருந்தால் மட்டும் சமர்த்தாக வேலை செய்யும்.

ஸ்விட்ச் கம்பெனிக்காரர் காலையில் போனில் சொல்லியிருந்தார்.

“தமயந்தி மேடம், சும்மா ‘வரல, வரல’ன்னா நான் என்ன பண்றது? முதல்ல என்ன செஞ்சீங்க, அடுத்து என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க. அதே மாதிரி நான் செஞ்சா எனக்கும் அதே கோளாறு வரணும். வந்ததும் எதையும் தொடாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே பாத்து எழுதுங்க.”

மெயிலில் எழுதினாள்.

ஸ்விட்சைச் சொருகினேன். விளக்கு எரிந்தது.

அவர் ‘த’ அழுத்தினார்.

நான் “தண்ணியா?” என்று எழுந்தேன்.

டொடங்.

நேற்று நடந்ததையும் எழுதினாள். அதிலும் ‘த’. அப்போது அவள் கேட்டது, “தலகாணியா?”

டொடங்.

எழுதியதைத் திரும்பப் படித்தாள். ஜெசிந்தா சொல் முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

போர்வையை விலக்கினாள்.

வயர் அவருடைய கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது. ஸ்விட்சிலிருந்து பாதி கழன்றிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்தே அவள் முந்திக்கொண்டு பேசினால் அவர் சண்டை போடமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இப்போதும் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

இதை எழுதி அனுப்ப முடியுமா? மெயிலை அழித்தாள்.

வயரைச் சரியாகச் சொருகினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எழுத்துகள் மின்ன ஆரம்பித்தன.

த.

தொண்டை வரை வந்த ‘தண்ணியா’வை விழுங்கினாள்.

வரிசை முதலிலிருந்து தொடங்கியது. ‘ண’ வந்தது. அவர் அழுத்தவில்லை. அது போயிற்று.

ம.

மறுபடியும் முதலிலிருந்து.

ய.

மீதி எழுத்துகள் அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து தெரியும்.

வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.