ஐந்தாவது ஆள்

எகிப்தின் மின்யா கிராமங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வறுமைக் கணக்கெடுப்பு நடக்கும். சென்றமுறை கணக்கெடுப்பாளன் ஷவ்கி, நஈமாவின் வீட்டுக்குப் போகாமலே டீக்கடையில் உட்கார்ந்து, 'வாரம் இருமுறை கறி' என்று எழுதிவிட்டான். அவளுக்கு மானிய ரொட்டி நின்றுபோனது. அந்தக் குளிர்காலத்திலேயே அவளும் வீட்டிலிருந்த மற்ற மூவரும் பட்டினியில் இறந்துபோனார்கள். ஷவ்கிக்கு அது தெரியாது.

இந்தமுறை அவனே போனான். கதவைத் திறந்தவள், "நான்தான் நஈமா," என்றாள்.

"வீட்ல எத்தன பேரும்மா?"

"அஞ்சு."

"போன தடவ நாலுதானே?"

"இப்ப உன்னையும் சேத்துக்கிட்டோம். எழுதிக்க."

ஷவ்கி சிரித்துக்கொண்டே எழுதினான்.

மாலையில் வீடு திரும்பினான். வாசலில் வேறொரு கணக்கெடுப்பாளரிடம் அவன் மனைவி சமீஹா சொல்லிக்கொண்டிருந்தாள்: "நானும் ரெண்டு பிள்ளைங்களும். மூணே பேருதான்."

"சமீஹா, நான் இங்கதானே நிக்கிறேன்!"

அவன் நின்ற இடத்தைத் தாண்டித் தெருவைப் பார்த்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.