மீசை வைத்த மீன்

“மீசை வச்சதை இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்றியா?”

ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவைத்து, ஞானஸ்நானத்துக்கு முன் மூப்பர் ஹாலிஸ் ஒடெஸாவிடம் கேட்ட கேள்வி அது. அவள் தலையாட்டினாள். அவர் மகன் லமாரைக் கட்டிக்கொள்ள, மீன் என்ன, அவள் எதையும் விட்டிருப்பாள்.

அவளைப் பிடித்திருந்த அவர் கையில், பெருவிரலடி வீங்கிச் சிவந்திருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டு, “ரோஜா முள்ளு” என்றார்.

அவள் அப்பா க்ளோவிஸ் கெளுத்திப் பண்ணையில் வேலை பார்ப்பவர். மிசிசிப்பியின் அந்தப் பக்கத்தில் கெளுத்தி இல்லாமல் விருந்து கிடையாது. மூப்பரின் ஓய்வுநாள் சபைக்காரர்களுக்கோ வேதம் சொன்னதுதான்: செதில் இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் தீட்டு.

அடுத்த ஞாயிறு கல்யாணம். இந்த ஞாயிறு பெண் வீட்டு விருந்து. தன் ஆட்களுக்கான கெளுத்தியைக் க்ளோவிஸே அறுத்துப் பொரித்தார்.

“இத்தனை வருஷமா இந்தத் துடுப்பு முள்ளு என் கையைக் குத்துது. இன்னும் அதுக்கு அலுக்கல” என்று விரலைச் சப்பினார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஒடெஸா சூரியமீன் பொரித்தாள். உள்ளங்கைபோல் தட்டை உடம்பு, மேலெல்லாம் செதில், செவுள் ஓரம் கறுப்புப் பொட்டு. கெளுத்திக்குத் தட்டைத் தலை, வழவழப்பான தோல், வாயைச் சுற்றி மீசை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே பிரித்துவிடலாம்.

ஆனால் தோலை உரித்து, முள்ளெடுத்து, சோளமாவில் புரட்டிப் பொரித்த பிறகு இரண்டும் ஒன்றுதான். இரண்டு தட்டு, இரண்டின் மேலும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி.

மூப்பர் ஒரு வாய் கடித்தார். தாடை நின்றது.

“இது கெளுத்தி.”

மூப்பரின் மனைவி வெர்னா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சூரியமீன்தாங்க. நல்லாத்தானே இருக்கு?”

“உனக்கென்ன தெரியும்? சூரியமீனு பூப்பூவா உதிரும். இது வெண்ணெயாட்டம் கரையுது. கடைசியில ஒரு குளத்து வாசம் வருது பாரு.”

“நான் மூணு துண்டு உள்ள தள்ளிட்டேனே” என்று யாரோ முனகினார்கள்.

ஒடெஸா ஓடிப்போய் அப்பாவின் மேசையிலிருந்த துண்டைப் பிட்டாள். பூப்பூவாக உதிர்ந்தது. அவள் மூப்பரிடம் திரும்பினாள்.

“தட்டு மாறிப்போச்சு ஐயா. தெரியாம நடந்துடுச்சு.”

“தெரியாமலா? ஆத்துல நின்னு சத்தியம் பண்ணிட்டு, சபைக்காரங்க வாயிலயே தீட்டை வச்சிட்டியே. வளர்ந்த இடம் அப்படி. இந்தக் கல்யாணத்தை நான் நடத்தி வைக்க மாட்டேன்.”

லமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “அப்பா—”

“உக்காரு.” மூப்பர் கையை உயர்த்தினார்.

அந்தக் கையில், பழைய தழும்புக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு காயம் வீங்கியிருந்தது. நாலு பேர் முன்னால் யாரையும் எதிர்த்துக் கேட்டறியாத ஒடெஸா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரோஜா முள்ளு மறுபடியும் குத்திடுச்சா ஐயா?”

க்ளோவிஸ் மூப்பரின் கையைப் பார்த்தார். பிறகு, மெதுவாகத் தன் கையிலிருந்த முள் குத்தைப் பார்த்தார்.

வெர்னா நிமிர்ந்தாள். “எந்த ரோஜா? எங்க வீட்ல ரோஜாச் செடியே கிடையாதேம்மா.”

மூப்பர் கையை மடக்கிக் கால்சட்டைப் பைக்குள் விட்டார். மற்றக் கையால் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.